சிறுநீரில் புரதம் போனால் இதயத்தை ஏன் சோதிக்கச் சொல்கிறார்கள்?

பல வருடமாக பிரஷர் உள்ள அப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது என்றதும் டாக்டர் எக்கோ (இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லிவிட்டார், கிட்னிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இதையே கேட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னது சரி. தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்கு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. வருடக்கணக்கில் அழுத்தம் கூடியே இருந்தால் அந்த முடிச்சு பழுதாகி, உடம்பிலேயே நிற்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும்.

பழுதான சிறுநீரகம் சும்மாவும் இருப்பதில்லை. ரத்தவரத்து குறைந்த பகுதிகள் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் சுரக்கும். அதன் தொடர்ச்சியாகக் குழாய்கள் இறுகி, உப்பும் நீரும் உடம்பில் தேங்கி, பிரஷர் இன்னும் ஏறும். ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் 1934-லேயே நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி, அதனாலேயே ரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டிவிட்டார். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். எக்கோவில் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் கட்டத்துக்கு வருமுன்பே இதய நோயால் போய்விடுகிறார்கள். இது எனக்குத் தெரியவந்த அன்று இரவு தூக்கமே இல்லை.

அம்மாவுக்கு அறிகுறி இருந்தது. சிறுநீர் கழித்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாலும் நுரை அடங்காது. மாலையில் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். “நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான்” என்பார். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) நார்மல் என்று வந்ததால் நாங்களும் விட்டுவிட்டோம். சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதி போகும்வரைகூட அது நார்மலாகக் காட்டலாம். சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்று ஒரு எளிய பரிசோதனை உண்டு. கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டி, திரும்ப எடுத்தாலும் அப்படியே இருந்தால் கவனிக்க வேண்டும். அதை யாரும் எழுதித் தரவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

பெயர் ‘பிரில்’ அல்லது ‘சார்ட்டன்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை கொடுத்தால், தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறுவதைப் பொதுவாக டாக்டர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லும் நாளில் ரத்தம் கொடுத்து, பொட்டாசியம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். உப்பைக் குறையுங்கள். ஆனால் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதற்கு மாறிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கும்.