செயினை அடகு வைக்கும் முன்: தம்பியின் லேப்டாப்பும் டாக்கரும்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகன் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் புரோகிராம் ஓடாமல் முகம் வாடி வந்ததை எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஓடியது, லேபில் ஓடவில்லை என்று அவன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு புது லேப்டாப் கேட்கிறான். கூடவே ஒரு பயிற்சி மையம் டெவ்ஆப்ஸ் (எழுதிய சாஃப்ட்வேரைச் சர்வரில் ஏற்றி, ஓடவைத்துப் பராமரிக்கும் வேலை) கோர்ஸுக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கழுத்துச் செயினை அடகு வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வைக்க வேண்டாம் அம்மா. தம்பிக்கு நேர்ந்தது லேப்டாப்பின் குறையும் இல்லை, அவன் அறிவின் குறையும் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது அந்த இடத்தில் நின்றிருக்கிறோம். அதைச் சரிசெய்ய அவன் டாக்கர் என்ற ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு வேண்டாம், ஆறேழு வாரம் பொறுமை போதும்.

அது என்னவென்று உங்களுக்கும் புரிய வேண்டும். கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசுகிறோம். நல்ல தவசுப்பிள்ளை முதல் நாளே சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். எந்த அரிசி, எத்தனை கிலோ, எந்தக் கம்பெனி பெருங்காயம் என்பது வரை அதில் இருக்கும். பாத்திரம், கரண்டி, கை உதவிக்கு ஆள் எல்லாம் அவரே கொண்டுவருவார். மண்டபத்தில் தண்ணீரும் கேஸும் இருந்தால் போதும். விருதுநகரில் வைத்த சாம்பார் கோவில்பட்டியிலும் அதே ருசியில் இருக்கும். லிஸ்ட் இல்லாமல் "மண்டபத்தில் என்ன இருக்கிறதோ பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால் என்ன ஆகும்? தம்பிக்கு ரிவ்யூ அன்று ஆனதுதான் ஆகும்.

கன்டெய்னர் என்பது இந்த ஏற்பாடுதான். புரோகிராமுக்கு எந்த மொழியின் எந்தப் பதிப்பு வேண்டும், எந்தெந்த லைப்ரரி (பிறர் எழுதி வைத்த தயார் கோடு) வேண்டும், எந்த டேட்டாபேஸ் வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதிவிடுகிறோம். யார் எந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் அந்த லிஸ்டின்படியே எல்லாம் அமைந்து ஓடும். தண்ணீரும் கேஸும் போல, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் மட்டும் பொது. டாக்கர் என்பது இந்த வேலைக்கு இன்று பரவலாகப் புழங்கும் கருவி. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த பைதான் மொழிக்காரர்களின் பைகான் மாநாட்டில், அதை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் அதை முதன்முதலாக வெளியே காட்டினார். அன்று முதல் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் அன்றாட வேலை மெல்ல மெல்ல அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

நான் ஆலோசனைக்கு வருவதற்கு முன் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று நாள் கோடு எழுதும் வேலையே இருக்காது. மெஷினில் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்கள். பக்கத்து சீட்டு அண்ணனிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஏதோ ஒன்று விட்டுப்போகும். சேர்ந்த வாரத்திலேயே "எனக்கு ஒன்றும் தெரியவில்லையோ" என்று அந்தப் பிள்ளைகள் கலங்கிப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு எல்லாவற்றையும் கம்போஸ் ஃபைலில் (பல கன்டெய்னர்களை ஒரே கட்டளையில் சேர்த்து ஓட்டும் டாக்கர் ஃபைல்) எழுதி வைத்தோம். அடுத்து சேர்ந்த பெண் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டாள். தம்பி இதைக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த மதியம்தான் காரணம்.

இனி வருவதைத் தம்பியிடம் கொடுங்கள்.

தம்பி, முதலில் உன் ப்ராஜெக்ட் ஏன் ஓடவில்லை என்று பார்ப்போம். அம்மா அனுப்பிய ஃபோட்டோவில் லேப் மெஷின் பைதான் 3.8 என்று காட்டுகிறது. உன் கோடில், ஒரு மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் மேட்ச்-கேஸ் எழுதியிருக்கிறாய். அது மொழிக்குள் வந்ததே 2021 அக்டோபரில் வெளிவந்த 3.10 பதிப்பில்தான். 3.8-க்கு அது வெறும் சின்டாக்ஸ் எரர். உன் தர்க்கத்தில் பிழை இல்லை, பதிப்பு மட்டும் பொருந்தவில்லை. ரிவ்யூவுக்கு வந்த சாருக்கு அதை விளக்க நேரமும் இல்லை, நீ அதை எழுதி வைக்கவும் இல்லை.

லேப்டாப்பை மாற்றுவதற்கு முன் இதைச் செய். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தட்டினால் கீழே வெர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி வரும். எனேபிள்டு என்று இருந்தால் நல்லது. டிசேபிள்டு என்றிருந்தால் பயாஸுக்குள் (லேப்டாப்பை ஆன் செய்யும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் இயக்க வேண்டும். இன்டெல் மெஷினில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி-யில் எஸ்விஎம் என்றும் பெயர் இருக்கும். "என் லேப்டாப்பில் டாக்கர் ஓடவே ஓடாது" என்று என்னிடம் வந்த மாணவர்களில் பலருக்கு இந்த ஒரு சுவிட்ச்தான் அணைந்திருந்தது.

உன்னிடம் இருப்பது 8 ஜிபி ராம். சற்று நெருக்கடிதான், ஆனால் போதும். விண்டோஸில் டாக்கர், டபிள்யூஎஸ்எல் 2 என்ற லினக்ஸ் அடுக்கின் மேல் ஓடுகிறது. அந்த அடுக்கு கேட்டால் மொத்த ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். உன் யூசர் ஃபோல்டரில் டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற ஃபைல் வைத்து அதை 3 ஜிபி-யாகக் குறைத்துக்கொள். குரோமில் இருபது டேப் திறந்து வைக்காதே. இன்னொன்று: ப்ராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வை. இரண்டு பக்கத்துக்கும் இடையே ஃபைல் போய்வருவதுதான் எல்லாவற்றையும் மந்தமாக்குகிறது. இவ்வளவு செய்தும் மெஷின் திணறினால், உன் மாடலில் காலி ராம் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்ப்போம். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுவோம். புது லேப்டாப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அடுத்து டாக்கர்ஃபைல், அதாவது அம்மாவிடம் சொன்ன அந்தச் சாமான் லிஸ்ட். இங்கே வரிகளின் வரிசை முக்கியம், பாக்கெட் காசையும் தொடும் விஷயம் இது. டாக்கர் ஒவ்வொரு வரியையும் ஓர் அடுக்காகச் சேமித்து வைக்கிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் மறுபடி கட்டப்படும். கோடு முழுவதையும் முதலில் காப்பி செய்துவிட்டு அப்புறம் லைப்ரரி இன்ஸ்டால் செய்தால், நீ ஒரு கமா மாற்றினாலும் எல்லா லைப்ரரியும் மறுபடி இறங்கும். ஹாஸ்டலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவனுக்கு ஒருநாள் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். லைப்ரரிப் பெயர்கள் உள்ள ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் முதலில் காப்பி செய், இன்ஸ்டால் செய், கடைசியில் கோடைக் காப்பி செய். இமேஜ் என்பது இந்த லிஸ்டின்படி கட்டி வைத்த பொட்டலம், அதை ஓட்டினால் கன்டெய்னர். அடிப்படை இமேஜாகப் பைதானின் முழு இமேஜை எடுக்காமல் ஸ்லிம் இமேஜை எடு. அளவில் பல மடங்கு குறையும்.

பிறகு கம்போஸ் ஃபைல். அதில் வெப் என்று ஒரு சர்வீஸ், டிபி என்று மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு ஒரு சர்வீஸ். எழுதி ஓட்டியதும் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வரும். அனேகமாக எல்லோருக்கும் வரும், பயப்படாதே. உன் கோடில் டேட்டாபேஸ் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பாய். கன்டெய்னருக்குள் உட்கார்ந்து லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். உன் வீட்டுக்குள் நின்று "இந்த வீட்டில் மளிகைக் கடை எங்கே" என்று கேட்பது போல. முகவரியை டிபி என்று மாற்று. சர்வீஸின் பெயரே அங்கே முகவரி. மாற்றியதும் ஒருமுறை ஓடும், ஒருமுறை ஓடாது. மைஎஸ்கியூஎல் முதல்முறை எழுந்து தயாராகச் சில நொடி ஆகும். உன் வெப் அதற்குள் போய்க் கதவைத் தட்டிவிடும். டிபென்ட்ஸ்-ஆன் என்று எழுதினால் மட்டும் போதாது. அது கன்டெய்னர் கிளம்பியதா என்றுதான் பார்க்கும், தயாராகிவிட்டதா என்று பார்க்காது. டிபி-க்கு, தயாராகிவிட்டதா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, அது தேறிய பிறகு கிளம்பும்படி வெப்புக்கு நிபந்தனை வை.

இந்த இரண்டு பிழைகளையும் நீயே பட்டு, நீயே படித்து, நீயே திருத்த வேண்டும். யாரோ எழுதிய ஃபைலை அப்படியே ஒட்டினால் அன்று ஓடும், இன்டர்வியூவில் வாய் திறக்க வராது.

டேட்டாவைப் பற்றி ஒன்று. கன்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதியது எல்லாம் போய்விடும். பந்தலைப் பிரிக்கும்போது மொய் நோட்டையும் சேர்த்து வண்டியில் ஏற்ற மாட்டோம் இல்லையா? அதைத் தனியே எடுத்து பத்திரமாக வைப்போம். அந்த மொய் நோட்டுக்கு இங்கே பெயர் வால்யூம். கம்போஸ் டவுன் என்று கட்டளை கொடுத்தால் பந்தல் மட்டும் பிரியும். கூடவே மைனஸ் வி போட்டால் நோட்டும் போய்விடும். ரிவ்யூவுக்கு முந்தின இரவு அந்த இரண்டு எழுத்தை அடித்துவிட்டு என்னிடம் அழுதுகொண்டே பேசிய மாணவி ஒருத்தி உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விண்டோஸில் எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட் பற்றியும் எச்சரிக்கிறேன். ஃபைல் கண் முன்னே இருக்கும், ஆனால் "நோ சச் ஃபைல்" என்று கன்டெய்னர் சொல்லும். ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸ் சேர்க்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான் காரணம். விஎஸ் கோடின் கீழ் மூலையில் சிஆர்எல்எஃப் என்று இருப்பதை எல்எஃப் என்று மாற்றிச் சேமி.

காலேஜ் லேபில் வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் இமேஜ் இறக்கினால் "டூ மெனி ரெக்வெஸ்ட்ஸ்" என்று வரலாம். லாகின் செய்யாதவர்களுக்கு, இமேஜ்கள் இறங்கும் தளமான டாக்கர் ஹப் ஒரு ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 முறைதான் தருகிறது. லேப் முழுவதும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியில்தான் வெளியே போகும். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி லாகின் செய்துவிட்டால் அந்த எண்ணிக்கை உனக்குத் தனி. ரிவ்யூ நாளில் இது தெரிந்திருப்பது நல்லது.

எல்லாம் ஓடுகிறதா? இப்போதுதான் உண்மையான பரீட்சை. உன் ப்ராஜெக்ட்டை இதுவரை பார்க்காத நண்பன் ஒருவனைக் கூப்பிடு. அவன் லேப்டாப்பில் டாக்கரும், கோடைச் சேமித்துப் பகிரும் கருவியான கிட்டும் மட்டும் இருக்கட்டும். கிட் குளோன், கம்போஸ் அப் என்ற இரண்டு கட்டளை மட்டும் அவனிடம் சொல். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார். அவன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே உன் ரீட்மீ ஃபைலில் (ப்ராஜெக்ட்டை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு) ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். அந்த வரியை எழுது, மறுபடி வேறொருவனைக் கூப்பிடு. பாஸ்வேர்டுகளை டாட் என்வ் ஃபைலில் வைத்து, அது கிட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள். வேலைக்கு எடுப்பவர்கள் உன் ப்ராஜெக்ட்டைத் திறந்தால் கவனிக்கும் முதல் சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

இன்டர்வியூவில் இமேஜுக்கும் கன்டெய்னருக்கும் என்ன வித்தியாசம், வெர்ச்சுவல் மெஷினிலிருந்து (கம்ப்யூட்டருக்குள் தனி ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) இது எப்படி வேறு என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்யாதே. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தாளில் பிராசஸ் பற்றிப் படித்தாயே, அதையே மறுபடி எடு. கன்டெய்னர் என்பது லினக்ஸில் ஓடும் ஒரு சாதாரண பிராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். நேம்ஸ்பேஸ் என்ற கெர்னல் வசதி அதன் பார்வையைக் குறுக்குகிறது. அது எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்பதை சிகுரூப் கட்டுப்படுத்துகிறது. சிகுரூப்பைக் கூகுள் இன்ஜினியர்கள் 2006-ல் தொடங்கினார்கள், 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. டாக்கர் வந்தது அதற்கும் ஐந்து வருடம் கழித்து. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ரெட் ஹேட் நிறுவனம் உருவாக்கிய பாட்மேன் என்ற கருவி இப்போதே பல இடங்களில் டாக்கர் செய்யும் வேலையைச் செய்கிறது. அடியில் இருக்கும் பாடம் தெரிந்தவனுக்குப் புதுக் கருவி ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்டர்ன்ஷிப் கிடைத்து ஆபீஸ் மெஷினில் டாக்கர் டெஸ்க்டாப் (விண்டோஸில் டாக்கரை ஓட்டும் ஆப்) போடுவதற்கு முன் கேட்டுவிட்டுப் போடு. மாணவர்களுக்கு அது இலவசம். 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் அல்லது ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.

அம்மா, மறுபடி உங்களிடம் வருகிறேன். அந்த 45,000 ரூபாய் கோர்ஸ் பற்றி. டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே ஆரம்பப் பயிற்சி இலவசமாக இருக்கிறது, சிறிய டு-டூ ஆப் ஒன்றை வைத்துப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐஐடி ஆசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்ப்பதற்கும் காசு இல்லை, தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். காலேஜில் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன கோர்ஸ் வருகிறது என்பதையும் தம்பி கேட்டு வரட்டும். "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று சொல்லும் இடத்தில், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேச்சு அந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

டாக்கர் தெரிந்தால் மட்டும் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில், படிப்பு முடித்த கையோடு டெவ்ஆப்ஸ் வேலையில் சேர்ந்தவர்கள் குறைவு. முதலில் டெவலப்பராகவோ, டெஸ்டிங்கிலோ, சப்போர்ட்டிலோ நுழைந்து, இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் நகர்கிறார்கள். அதனால் புரோகிராமிங், எஸ்கியூஎல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆகியவற்றுக்குத் தரும் நேரத்தை இதற்காகக் குறைக்கக் கூடாது. தினம் ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.

ரிவ்யூவில் ஓடவில்லை என்று வந்த பிள்ளையை நீங்கள் திட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது. அந்தத் தெம்பில்தான் அவன் திரும்ப உட்கார்ந்து எழுதுவான்.

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதையும், டாஸ்க் மேனேஜரில் அந்த வெர்ச்சுவலைசேஷன் வரி என்ன காட்டுகிறது என்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பியை எனக்கு எழுதச் சொல்லுங்கள். ராம் ஸ்லாட் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.