ப்ளஸ் ஒன் பப்ளிக் போனது நல்லதா?

கே: பொண்ணு ப்ளஸ் ஒன். பப்ளிக் எக்ஸாம் இல்லைனு குதிக்கிறா. இது நல்லதா சார்? - ஒரு அம்மா, திண்டுக்கல்

ப: குதிக்கட்டும்மா. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டுன்னு வரிசையா மூணு பப்ளிக் எழுதறது பாவம்தான், 2025ல மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்ப ப்ளஸ் ஒன் பப்ளிக்கை எடுத்துட்டாங்க. ஆனா 2018ல அது வந்ததே எதுக்குன்னா நிறைய பிரைவேட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் புக்கையே தொடாம ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வெச்சாங்க, நானும் அப்படி வந்தவன்தான், என் பிசிக்ஸ் புக் அட்டை கசங்காம பழைய பேப்பர் கடைக்குப் போச்சு, காலேஜ்ல வெக்டர்னதும் திருதிருன்னு முழிச்சேன். நீட்லயும் ப்ளஸ் ஒன் பாடம் ஏகப்பட்டது வருது. அவ நோட்டை அப்பப்ப புரட்டுங்க, ஜூலைலயே ப்ளஸ் டூ பாடம் கண்ணுல பட்டா நேரா ஹெச்எம் ரூமுக்குப் போய் உக்காந்துடுங்க.