மிதவை டியூப்பில் தூண்டில் போட எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நோர்வூட் பக்கம் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போடுவேன். மீன் எப்போதும் எட்டாத தூரத்தில்தான் துள்ளுகிறது. கட்டாரில் வேலை செய்யும் மாமா, உட்கார்ந்துகொண்டு காலால் தள்ளிப் போகிற மிதவை டியூப் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். அது தேவைதானா, லொறி டியூப் போதாதா? எங்கே, எப்போது, எப்படித் தொடங்குவது? நீச்சல் எனக்கு அரைகுறை.

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அரைகுறை நீச்சலோடு டியூப்பில் ஏற வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதக்கவும், அப்படியே காலடித்து ஐம்பது மீட்டராவது கரைக்கு வரவும் பழகும் வரைக்கும், மாமா கொண்டுவருவது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். காசல்ரீயில் தேயிலை மலையின் சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. பல இடங்களில் நாலு எட்டு வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும். மலையகத்தில் நீர்த்தேக்கத்திலும் அருவியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்தி வராத வருடமே இல்லை. அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

லொறி டியூப்புக்கு வருவோம். நீர்த்தேக்கங்களில் வலை போடுகிறவர்கள் சிலர் அதில்தான் போய் வருகிறார்கள். அது அவர்களுக்குப் பல வருடக் கைப்பழக்கம், பிழைப்பு. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மலையைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். அவர்கள் செய்கிறார்கள் என்பதற்காகப் புதிதாகத் தொடங்குகிறவர் அதில் ஏறக் கூடாது. லொறி டியூப்பில் காற்றறை ஒன்றே ஒன்று. முள்ளோ கட்டையோ கிழித்தால் மொத்தமும் போச்சு. உட்கார ஒழுங்கான இடமில்லை, முதுகு சாய்க்க ஒன்றுமில்லை, ஒரு பக்கம் எட்டிப் பிடித்தால் புரண்டுவிடும்.

மீன்பிடிக்கென்று செய்த டியூப்பில் தடித்த நைலோன் உறைக்குள் காற்றுப் பைகள் இருக்கும். பக்கத்துக்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று பிரிந்திருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஒன்றில் காற்று இறங்கினாலும் மற்றவை தாங்கும். முழு வட்டமாக வருவதும் உண்டு, முன்பக்கம் திறந்த லாட வடிவத்தில் வருவதும் உண்டு. லாட வடிவம்தான் வேண்டும். வட்டத்துக்குள் காலை விட்டு ஏறுவதே பாடு. அவசரத்தில் வெளியே வருவது இன்னும் பாடு. லாடத்தில் முன்னால் குறுக்கே மாட்டிய தடியைக் கழற்றினால் நேரே இறங்கிவிடலாம். நிறம் செம்மஞ்சளோ மஞ்சளோ இருந்தால் நல்லது. பச்சையும் சாம்பலும் மலை நிழலில் கண்ணுக்கே படாது.

காலில் மாட்டும் துடுப்புச் செருப்புகளைப் பற்றி ஒரு விஷயம். இந்த டியூப் முன்னால் போகாது, முதுகுப் பக்கமாகத்தான் போகும். வேகம் மிகக் குறைவு, காற்றே இல்லாத நாளில்கூட நடக்கிற வேகத்தில் பாதி வராது. அதனால் எதிர்க்காற்று கொஞ்சம் பலத்தாலே, நீங்கள் எவ்வளவு காலடித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள், அல்லது பின்னால் தள்ளப்படுவீர்கள். துள்ளுகிற மீனைப் பார்த்து நடுவுக்குப் போகிற ஆளைக் கரைக்குத் திரும்ப விடாமல் செய்வது இந்தக் காற்றுதான். டியூப் வந்துவிட்டால் நடுவுக்குப் போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நடுவுக்குப் போகத் தேவையுமில்லை. காசல்ரீயில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டையும். இரண்டும் கரையோரத்து மீன்கள்தான். தண்ணீர் வற்றும் காலத்தில் வெளியே தெரியும் சேற்றுத் தரையைக் குனிந்து பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே. ஆண் திலாப்பியா வாயாலும் வாலாலும் தோண்டிய கூடுகள் அவை. தண்ணீர் நிறைந்திருந்தபோது அந்த இடத்தில் இரண்டு மீட்டர் ஆழம்கூட இருந்திருக்காது. கரையில் நிற்கிற உங்கள் நிழலையும் காலடி அதிர்வையும் கண்டுதான் மீன் எட்டப் போகிறது. டியூப்பில் கரையிலிருந்து இருபது முப்பது மீட்டர் விலகி உட்கார்ந்து, கரையைப் பார்த்துத் தூண்டிலை வீசினால், அதே மீன் உங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும். புதர் மூடிய கரை, செங்குத்தான மேடு, கால் வைக்க முடியாத சதுப்பு, எல்லாம் இப்படித்தான் கைக்கு எட்டும். டியூப்பால் கிடைக்கும் பெரிய லாபம் இதுவே.

எப்போது போவது? தென்மேற்குப் பருவமழை மே தொடங்கி செப்டெம்பர் வரை அட்டன், நோர்வூட், மஸ்கெலியா சரிவுகளில்தான் நேராக அடிக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் டியூப்பை எடுக்கவே வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலைகள்தான் உங்களுக்கு. விடிந்ததும் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிக் காற்று கிளம்பும். தண்ணீர் முகத்தில் சின்னச் சுருக்கங்கள் ஒரே பக்கமாக ஓடத் தொடங்கியதைக் கண்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கரைக்குத் திரும்புங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் வரும். கையில் இருப்பது காபன் தடி என்றால் அது மின்சாரத்தைக் கடத்தும், சுற்றிலும் திறந்த தண்ணீர். முதல் முழக்கம் கேட்கும்போது நீங்கள் கரையில் இருக்க வேண்டும். (சிவனொளிபாதமலைப் பருவமும் இந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் வருகிறது. சனி ஞாயிறுகளில் மஸ்கெலியா வீதி நெரியும், முதல் பஸ்ஸிலேயே போய்விடுவது நல்லது.)

எங்கே என்பதற்கு, காசல்ரீயே நல்ல இடம்தான். கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் அது. கை விரித்தாற்போலப் பல மடிப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. காற்று மறைந்த சிறு மடிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அகன்ற பகுதி வேண்டாம். அணைக்கும், விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் கிட்டவே போகாதீர்கள். நீர்த்தேக்கம் மின் உற்பத்திக்கானது. எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அங்கே காவலில் இருப்பவர்களிடமும் பொலிஸிலும் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அப்புறம், அங்கே வலை போடும் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை. அது அவர்கள் சோறு. உங்களுக்கு வழி காட்டக்கூடியவர்களும் அவர்களே.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் அழகான இடம், ஆனால் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலின் மிச்சம் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படி மூழ்கிய சுவர்களும் மரக்கட்டைகளும் காலுக்குக் கீழே இருக்கும் இடத்தில் புதியவர் பழகக் கூடாது. நோர்ட்டன், லக்சபான, தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை ஆகியவை சின்னத் தேக்கங்கள். மின் உற்பத்திக்கும் மழைக்கும் ஏற்ப நீர்மட்டம் சீக்கிரம் ஏறி இறங்கும், பலத்த மழையில் வான்கதவுகள் திறக்கும். டியூப்புக்கு அவை ஆகாது. நுவரெலியா கிரகரி வாவியில் மோட்டார் படகுகள் ஓடுகின்றன, அதுவும் வேண்டாம். ட்ரவுட் மீன் ஆசை இருந்தால் அது வேறு கதை: 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்ட மீன், குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது, டியூப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளோ தேசிய பூங்காவுக்குள் இருக்கின்றன.

முதல் நாள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கரையில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். சேறில்லாத, சரளைக்கல் உள்ள இடமாகப் பாருங்கள். தண்ணீர் வற்றிய காலத்துச் சேற்றில் துடுப்புச் செருப்போடு கால் புதைந்தால் எடுப்பது பெரும்பாடு. செருப்பைத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து மாட்டி, கயிறு ஒன்றால் கணுக்காலில் கட்டுங்கள், கழன்றாலும் போய்விடாது. பிறகு திரும்பி நின்று, முதுகுப் பக்கமாகவே தண்ணீருக்குள் நடங்கள். முன்னால் நடந்தால் செருப்பின் நுனி மடங்கி ஆள் குப்புற விழுவார். தொடையளவு தண்ணீர் வந்ததும் டியூப்பில் உட்காருங்கள்.

தொடையிலிருந்து உதைத்தால் சீக்கிரம் களைத்துவிடும். முழங்காலுக்குக் கீழே மட்டும் அசைய வேண்டும், நீளமாக, மெதுவாக. ஒரு காலை மட்டும் அசைத்தால் திரும்பும். கரையோரமாகவே போய்த் திரும்பிப் பழகுங்கள். அப்புறம் நெஞ்சளவு தண்ணீரில் வேண்டுமென்றே டியூப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அதன் மேல் வயிற்றைப் போட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். இது கைவரும் வரை தூண்டில் இல்லை.

போகும்போது எப்போதும் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்தபின் காற்றே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். எங்காவது மாட்டிக்கொண்டால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். காற்றுக்குக் குறுக்காகச் சாய்ந்து கிட்டிய கரை எதுவோ அங்கே ஏறி, தேயிலைக்குள்ளால் நடந்து வாருங்கள். இதற்காகவே ஒரு சோடி சாதாரணச் செருப்பை டியூப்பின் பின்னால் கட்டிவைக்க வேண்டும். துடுப்புச் செருப்போடு மலையில் நடக்க முடியாது.

பெரிய ஆபத்து இன்னொன்று வலை. மாலையில் போட்ட வலையைக் காலையில்தான் எடுப்பார்கள். மிதக்கும் பிளாஸ்டிக் போத்தலோ ரெஜிபோம் துண்டோ வரிசையாகத் தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். தெரியாமல் கால் சிக்கினால் உதறக் கூடாது, உதற உதற இறுகும். காலடிப்பதை நிறுத்திவிட்டு, அந்தச் செருப்பைக் கழற்றிக் காலை உருவுங்கள். அதற்கும் முடியாவிட்டால் அறுக்க, ஜாக்கெட்டின் மார்புப் பக்கத்தில் சின்னக் கத்தரிக்கோலும், கூடவே ஒரு விசிலும் கட்டியிருக்க வேண்டும்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெயில் முதுகில் சுட்டாலும் கால் இரண்டும் தண்ணீரில்தான். கால் விரல் மரத்துப் போனால் காலடிக்க வராது. பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் காயும் நீளக் காற்சட்டை, தடித்த நியோபிரீன் (குளிர் தாங்கும் ரப்பர்) காலுறை. இடுப்புக்கு மேல்வரை வரும் நீர்புகாக் காற்சட்டை மாமா வாங்கினால், இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டாமல் அதைப் போடவே கூடாது. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து ஏற முடியாமல் போகும். முதலில் ஒரு மணி நேரம் போதும். காலில் புண் இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் புண் வழியாகத் தொற்றும் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் உள்ள நோய். அடுத்த வாரங்களில் காய்ச்சல் வந்தால் தண்ணீரில் இறங்கியதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

மீன்பிடிச் சாமானுக்குச் செலவு குறைவு. தாழ உட்கார்ந்திருப்பதால் ஆறு, ஏழு அடித் தடி வசதி. மெல்லிய தங்கூசி (நைலோன் நூல்), சின்னத் தூண்டில் முள், ஒரு தக்கை. இரைக்கு மண்புழு, அல்லது பாணைப் பிசைந்த உருண்டை. திலாப்பியா இரையைப் பிடித்துக்கொண்டு ஓடாது, தக்கையை மெல்ல நகர்த்தும், அல்லது சரித்துப் படுக்க வைக்கும். அதற்காகக் காத்திருங்கள். அடியிலிருந்து குமிழி வரிசையாக எழுந்தால் கெண்டை சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம், தக்கையை ஏற்றி இரையைத் தரையில் படவிடுங்கள். தங்கூசி காலடியில் தொங்காமல் பார்க்க வேண்டும், செருப்பில் சுற்றினால் அன்றைய வேலை முடிந்தது. மீனின் முதுகு முள் டியூப்பில் படாமல், மடியில் விரித்த துணியில் வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். வாய்க்குள் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் பெண் திலாப்பியா மாட்டினால் அதைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

காற்று அடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெயிலில் கல்லுப் போல அடித்த டியூப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தளரும். காலையில் அடித்து, தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, தொட்டுப் பார்த்து, கொஞ்சம் கூட்டி அடியுங்கள். உச்சி வெயிலில் கரையில் கிடத்தும்போது கொஞ்சம் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் விடும். புதிதாக வந்ததும் வீட்டில் இரவு முழுக்க அடித்து வைத்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வைக்கும்போது நிழலில் நன்றாகக் காயவைத்து, பாதிக் காற்றோடு கூரைச் சட்டத்தில் தொங்கவிடுங்கள். நம் மூடுபனியில் ஈர நைலோன் பூஞ்சை பிடிக்கும், தரையில் போட்டால் எலி கடிக்கும்.

மாமாவிடம் சொல்ல: பல காற்றறை உள்ள லாட வடிவ டியூப், உங்கள் எடைக்கும் சாமானுக்கும் மேலே தாங்கக்கூடியது, அளவான துடுப்புச் செருப்பு, நியோபிரீன் காலுறை, காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் அவர் தலையில் கட்டாமல், நீங்களே போட்டுப் பார்த்து, தோளைப் பிடித்து மேலே இழுத்தாலும் காதுக்கு ஏறாத ஒன்றாக வாங்குங்கள்.