பாரிஸில் பிசினஸ் ஸ்கூல்: தொடர்பு பிடிப்பதா, சிநேகிதம் பிடிப்பதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். தினம் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய் பி.காம். முடித்தவள். அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சும் படித்திருக்கிறாள். செப்டம்பரில் பாரிஸ் பக்கம் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் சேர்கிறாள். "அக்கா, சீனியர்கள் எல்லாரும் நெட்வொர்க்கிங், நெட்வொர்க்கிங் என்கிறார்கள். வாரத்தில் பாதி சாயந்திரம் அதற்கே போய்விடுமாம். அப்புறம் படிப்பது எப்போது, நாலு பேரோடு சிரித்துப் பேசுவது எப்போது? நான் குடிக்க மாட்டேன், கூட்டத்தில் சட்டென்று பேசவும் வராது. எனக்கு வேலை கிடைக்குமா?"

கிடைக்கும். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரி. இங்கே படிக்க வந்து, வேலையும் கிடைத்து, குடும்பத்தோடு தங்கிவிட்டேன். ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். ஸ்தாஜுக்கு, அதாவது இன்டர்ன்ஷிப்புக்கு, மாணவர்களை எடுக்கும்போது நானும் உட்காருகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நெட்வொர்க்கிங் ஒரு வேலை, நட்பு இன்னொரு வேலை என்று பிரித்து நேரத்தைப் பங்கு போடாதே. போட்டால் இரண்டுமே கெடும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் உனக்கு சீட் பிடித்து வைத்த பெண்ணோடு நீ திட்டம் போட்டுப் பழகினாயா? தினம் பார்த்தீர்கள், பழக்கமாகிவிட்டது. இங்கேயும் ஆட்கள் அப்படித்தான் கிடைப்பார்கள். ஒரு சாயந்திரம் பார்த்துக் கைகுலுக்கிய ஐம்பது பேர் மறுநாள் உன் பெயரை மறந்திருப்பார்கள். குரூப் வொர்க்கில் உன்னோடு ராத்திரி பத்து மணிவரை எக்செலைக் கட்டி அழுத நாலு பேர் மறக்க மாட்டார்கள். ஸ்தாஜ் முடிகிறவனிடமே "உன் இடத்துக்கு உன் ஸ்கூலில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பது எங்கள் ஆபீஸில் சாதாரணம். அவன் சொல்லப்போவது கூட உழைத்தவர்களின் பெயரைத்தான்.

அதனால் நான் முதலில் காப்பாற்றச் சொல்வது மதியச் சாப்பாட்டு நேரத்தை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். நின்றுகொண்டு அவசரமாக விழுங்க மாட்டார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், முடிந்ததும் காபிக்குப் போவார்கள். நம் பிள்ளைகள் பலரும் டப்பாவைத் திறந்து இந்தியர் மேஜையிலேயே இரண்டு வருஷத்தையும் கழித்துவிடுகிறார்கள். டப்பா கொண்டு போ, தப்பே இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வேறு மேஜையில் உட்கார். ஆரம்பத்தில் அவர்கள் பேசும் வேகத்தில் பாதி புரியாது. பரவாயில்லை, உட்கார்ந்திரு. குளிர்காலம் முடிவதற்குள் காது பழகிவிடும். அது வேலைக்கும் ஆகும், நட்புக்கும் ஆகும். செலவும் இல்லை.

சாயந்திரக் கூட்டங்களுக்கு வருகிறேன். கம்பெனிகள் ஸ்கூலுக்கு வந்து பேசுவது, பழைய மாணவர் சந்திப்பு, மாணவர் மன்றத்தின் சுவாரே, அதாவது சாயந்திர விருந்து, என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் போகாதே. நீ போக நினைக்கும் துறை எதுவோ அதற்கு மட்டும் போ. ஆடிட் என்றால் ஆடிட், மார்க்கெட்டிங் என்றால் மார்க்கெட்டிங். குடிப்பதைப் பற்றி மனசை உழப்பிக்கொள்ளவே வேண்டாம். ஆரஞ்சு ஜூஸை வாங்கிக் கையில் வைத்துக்கொள். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் குடைவதில்லை. ஒன்றிரண்டு பேரிடம் ஒழுங்காகப் பேசிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடலாம்.

கூட்டம் என்றாலே வாய் அடைத்துப்போகும் உன்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. மாணவர்களே நடத்தும் ஜூனியர் ஆந்த்ரப்ரீஸ். 1967இல் எசெக் என்ற பிசினஸ் ஸ்கூலின் மாணவர்கள் தொடங்கியது, இன்று பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்களில் ஒன்று உண்டு. நிஜக் கம்பெனிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு சந்தை ஆய்வு மாதிரி வேலைகள் செய்து கொடுப்பார்கள். கையில் வேலை இருக்கும்போது பேச்சு தானாக வரும். மூன்று சங்கத்தில் பெயர் கொடுப்பதைவிட இதில் ஒன்றில் உருப்படியாக இரு.

அப்புறம் லிங்க்ட்இன். எனக்கு வாரம் தவறாமல் மாணவர்கள் எழுதுகிறார்கள். பெரும்பாலும் ஒரே அச்சு: "உங்கள் கம்பெனியில் வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்", கீழே சி.வி. நான் என்ன செய்ய முடியும்? ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "நான் உங்கள் ஸ்கூலில் முதல் வருஷம். நீங்கள் ஆடிட்டில் இருந்துவிட்டு நிதிப் பிரிவுக்கு மாறியிருக்கிறீர்கள். எப்போது மாறினால் நல்லது என்று ஒரு இருபது நிமிஷம் கேட்கலாமா?" காபிக்கு வரச் சொன்னேன். பேச்சில் வேலை என்ற வார்த்தையே எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, நான் சொன்ன பாடத்தை எடுத்திருப்பதாக இரண்டு வரி அனுப்பினாள். எங்கள் பிரிவில் ஒரு ஸ்தாஜ் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவள்தான். உன் ஸ்கூலின் பழைய மாணவர் பட்டியலில் இந்தியப் பெயர்களை மட்டும் தேடாதே. நீ விரும்பும் வேலையில் இருப்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் எழுது.

நம்மவர்கள் விஷயம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கினால் கறிவேப்பிலை, முருங்கைக்காய் முதல் எல்லாம் கிடைக்கும், மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கேதான். ஆகஸ்ட் கடைசியில் வந்துவிட்டால் தேரையும் பார்க்க வாய்ப்புண்டு. ஞாயிற்றுக்கிழமை மனசு கனத்தால் போய் வா. தமிழ் பேசாமல் மாசக்கணக்கில் இருப்பது உடம்புக்கே ஆகாது என்பது என் எண்ணம். புதுச்சேரியிலிருந்து சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய், குடும்பங்களாக வந்தவர்களின் பிள்ளைகளும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று பாங்கிலும் நகராட்சியிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேசு, ஊர்க்காரி என்று உரிமையாகவே உதவுவார்கள். ஆனால் ஐந்து இந்தியர் சேர்ந்து வீடு எடுத்து, வாரக் கடைசி முழுவதும் உள்ளேயே அடைந்து கிடப்பதை மட்டும் வேண்டாம் என்பேன். பிரெஞ்சு அங்கேயே நின்றுவிடும்.

பகுதி நேர வேலை பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மாணவர் விசாவில் வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். அனுமதி இருக்கிறதென்று அத்தனையையும் கடையில் நின்று தீர்த்தால், படிப்பும் போகும், மேலே சொன்ன சாயந்திரங்களும் போகும். வாடகைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் செய். படிப்போடு சேர்ந்த, ஸ்கூல் ஒப்பந்தம் போட்ட ஸ்தாஜ் இந்தக் கணக்கில் வராது. இரண்டு மாதத்துக்கு மேல் போகும் ஸ்தாஜுக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டம். இலவசமாக ஆறு மாதம் வா என்று யாராவது கூப்பிட்டால் போகாதே.

ஆறு மாத ஸ்தாஜ்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பெரிய கம்பெனிகள் ஜனவரிக்கு செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் பார்க்க ஆரம்பித்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்னாலேயே சி.வி.யைப் பிரெஞ்சில் ஒரே பக்கத்தில் எழுதி வை. அலியான்ஸில் உனக்குச் சொல்லிக் கொடுத்தவரிடம் ஒருமுறை காட்டு. பிறகு எனக்கு அனுப்பு, நிதிப் பக்கத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.