எக்ஸ்870ஈ போர்டு போட்டால் கேம் வேகமாகுமா?

கேள்வி: ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்துவிட்டேன். மதர்போர்டில்தான் குழப்பம். "பிராசசருக்கு இவ்வளவு கொட்டிவிட்டுப் போர்டில் கஞ்சத்தனம் பார்க்காதீங்க சார், எக்ஸ்870ஈ போடுங்க" என்கிறார் கடைக்காரர். அது பி850 போர்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. நான் விளையாடுவது 1440பி மானிட்டரில். ஓவர்கிளாக் (பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யும் எண்ணம் இல்லை. எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: நல்ல பி850 போர்டு ஒன்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை ரேமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025 கடைசியில் டிடிஆர்5 விலை ஏறிய ஏற்றத்தில், அந்தப் பணம் அங்கேதான் தேவைப்படும்.

எக்ஸ்870ஈ, பி850 என்பவை போர்டில் உள்ள சிப்செட்டின் பெயர்கள்; பிராசசருக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையில் நிற்கும் துணைச் சில்லுதான் சிப்செட். அது உயர்ந்தால் வேகம் உயரும் என்ற நம்பிக்கை ஆதாரமில்லாமல் வந்ததல்ல. ஒரு காலத்தில் ரேமோடு பேசும் வேலை சிப்செட்டிடம்தான் இருந்தது. அது மந்தமானால் மொத்தக் கணினியும் மந்தம். ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வந்தபோது அந்த வேலையைப் பிராசசருக்குள் கொண்டுபோனது. இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7 வரிசையில் அதையே செய்தது. இப்போது கிராபிக்ஸ் கார்டும் முதல் எஸ்எஸ்டியும்கூட நேராகப் பிராசசரில்தான் இணைகின்றன. கேம் ஓடும்போது சிப்செட் பெரும்பாலும் யூஎஸ்பி, நெட்வொர்க், சாட்டா டிஸ்க் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டு ஓரமாக இருக்கிறது. ஒரே பிராசசரை இரண்டு போர்டிலும் மாட்டிப் பார்த்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

பெயர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தால் கடைக்காரரின் வாதம் இன்னும் மெலிந்துவிடும். பி850, எக்ஸ்870 இரண்டிலும் இருப்பது அடிப்படையில் ஒரே சில்லுதான். எக்ஸ்870ஈ-யில் அந்தச் சில்லு இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கிறது. அதனால் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டும் யூஎஸ்பி போர்ட்டும் கூடும், உண்மை. ஆனால் இரண்டு சில்லுகளும் பிராசசரைத் தொடுவது பிசிஐஇ (பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் முறை) 4.0 தரத்தில் உள்ள அதே நான்கு லேன் (தரவு ஓடும் தடம்) வழியாகத்தான்.

விலை கூடிய போர்டில் ஒரு சிக்கலும் உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பிராசசர், சிப்செட்டுக்குப் போனது போக 24 லேன் தருகிறது. 16 கிராபிக்ஸுக்கு, 4 முதல் எஸ்எஸ்டிக்கு, மீதி 4. எக்ஸ்870, எக்ஸ்870ஈ போர்டுகளில் யூஎஸ்பி4 என்ற வேகமான போர்ட் கட்டாயம் என்று ஏஎம்டி விதித்திருப்பதால், பல போர்டுகளில் அந்த மீதி நான்கு அதற்குப் போய்விடுகிறது. அப்படியும் இரண்டு மூன்று பிசிஐஇ 5.0 எம்.2 ஸ்லாட் கொடுத்தோம் என்று பெட்டியில் போடுகிறார்களே, லேன் எங்கிருந்து வருகிறது? சில போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் பங்கிலிருந்து. இரண்டாவது எஸ்எஸ்டியை மாட்டியதும் கார்டு 16 லேனிலிருந்து 8-க்கு இறங்கிவிடும். இழப்பு சிறிதுதான், ஆனாலும் இரட்டிப்பு விலை கொடுத்து அதை வாங்க வேண்டுமா? எந்தப் போர்டாக இருந்தாலும், தயாரிப்பாளர் தளத்தில் அதன் மேனுவலை இறக்கி, எந்த ஸ்லாட் எதோடு பங்கு போடுகிறது என்ற பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 5.0-ஆக இருக்க வேண்டும் என்பது எக்ஸ்870 வரிசையில் கட்டாயம், பி850-இல் தயாரிப்பாளர் விருப்பம். 4.0 ஸ்லாட் கிடைத்தாலும் இந்தக் கார்டுக்கு ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் குறையாது.

மின்சாரம் தாங்குமா என்பது அடுத்த பயம். 9800எக்ஸ்3டி-யின் உச்ச வரம்பு 162 வாட். கேமில் அதற்கும் நிறையக் கீழேதான் நிற்கும். விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் உருப்படியான ஹீட்சிங்க் உள்ள நடுத்தர பி850 போர்டே இதற்குப் போதும். இதைவிட அதிகம் இழுக்கும் 9950எக்ஸ் வாங்குகிறவர் வேண்டுமானால் விஆர்எம் கணக்கை உட்கார்ந்து பார்க்கட்டும்.

எக்ஸ்870ஈ யாருக்கு? நான்கைந்து எஸ்எஸ்டி, கேப்சர் கார்டு, 40 ஜிபிபிஎஸ் வெளி டிஸ்க் என்று வீடியோ எடிட்டிங்கும் சேர்த்துச் செய்பவர்களுக்கு. நீங்கள் அந்த ஆள் இல்லை.

"பின்னால் அப்கிரேட் பண்ண உதவும்" என்பார் கடைக்காரர். அதுவும் சிப்செட்டின் தயவில் இல்லை. 2017-இல் வந்த பி350 போர்டு பலவற்றில், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசர் பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டோடு ஓடியது. உங்கள் பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அது பி வரிசைக்கும் சேர்த்துத்தான்.

பெட்டியில் ஒரு எண்ணை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள். பி840 என்றும் ஒன்று இருக்கிறது. பி850-க்குத் தம்பி போலத் தெரியும். ஆனால் அதன் சிப்செட் லேன் எல்லாம் பிசிஐஇ 3.0, பிராசசர் ஓவர்கிளாக்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று அதில் விழுந்துவிடாதீர்கள்.

கேள்வி: அதே பிராசசருக்கு, தள்ளுபடியில் கிடைத்த பழைய பி650 போர்டு வாங்கினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டு செத்துவிட்டதா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். முதல் முறை ஆன் செய்யும்போது டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளப் போர்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும். திரை கறுப்பாகவே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். 9800எக்ஸ்3டி 2024 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் தயாரான போர்டுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாமல் போகலாம். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிராசசர் உதவியே இல்லாமல் பென்டிரைவிலிருந்து புதிய பயாஸ் ஏற்றலாம். பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரை மேனுவல் சொல்கிறபடி மாற்ற வேண்டும். பட்டன் இல்லாவிட்டால் விற்ற கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு ரேம் ஸ்லாட் இருக்கிறதே, நான்கு குச்சி போட்டால் வேகம் கூடுமா?

பதில்: குறையும். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு குச்சிக்கு 5600. நான்கு போட்டால் 3600. 16 ஜிபி குச்சி இரண்டு, 6000 வேகம், பயாஸில் எக்ஸ்போ (ஏஎம்டி உறுதி தருவதற்கு மேல், ரேமின் பெட்டியில் போட்ட வேகத்தில் அதை ஓட்டும் வசதி) ஆன் செய்துவிட்டால் ஆயிற்று. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள்.

கேள்வி: கோர் அல்ட்ரா 7 265கே வாங்குகிறேன். இசட்890 கட்டாயமா, பி860 போதாதா?

பதில்: பிராசசரை ஓவர்கிளாக் செய்வீர்களானால் இசட்890. இன்டெல் அந்த வசதியை இசட் வரிசையோடு நிறுத்திவிட்டது. ரேமை மட்டும் வேகப்படுத்த பி860 போதும். பழைய இசட்790 போர்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். சாக்கெட்டே வேறு, பிராசசர் உட்காராது.

கேள்வி: வீட்டுக்கு வந்து திறந்தால் போர்டு சாக்கெட்டில் இரண்டு பின் வளைந்திருந்தது. "அது ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது" என்கிறது கடை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிராசசரை நீங்கள் மாட்டிப் பார்த்தீர்களா என்று சொல்லவில்லை. மாட்டியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். மாட்டவில்லை என்றால், பின்னின் தெளிவான படம், பெட்டியிலும் பில்லிலும் உள்ள சீரியல் எண், வாங்கிய தேதி ஆகியவற்றோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம்; அதற்கும் மசியாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஜிஎஸ்டி பில் இல்லாமல் "ரேட் குறைச்சுத் தர்றேன்" என்று வாங்கியிருந்தால் இதில் எதுவும் எளிதாக நடக்காது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 காலத்தில் பின்கள் பிராசசரில் இருந்தன. ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் அவை போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டு எடுத்து வாருங்கள். அந்த மூடியைத் தூக்கியும் எறியாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் பல சர்வீஸ் சென்டர்கள் போர்டை வாங்குவதில்லை.