புறணியின் எல்லைகளை வகுப்பது எது? கேள்வி பதில்

கேள்வி: பார்வைக்கும் கேட்டலுக்கும் தொடுவுணர்வுக்கும் உரிய பகுதிகள் பெருமூளையின் மேலடுக்கான புறணியில் தொடக்கம் முதலே தனித்தனியாக இருக்கின்றனவா?

பதில்: இல்லை. கருவில் புறணி எல்லைக்கோடுகள் ஏதுமற்ற மெல்லிய படலமாகவே தொடங்குகிறது. அதன் முன்விளிம்பில் சுரக்கும் எஃப்ஜிஎஃப்8 என்னும் புரதம் பின்னோக்கிப் பரவப் பரவச் செறிவு குறைகிறது. பேக்ஸ்6 மரபணு முன்புறத்திலும் எம்எக்ஸ்2 பின்புறத்திலும் மிகுந்து செயல்படுகின்றன. இவற்றின் ஏற்ற இறக்கமே ஓர் உயிரணுவுக்கு அதன் இடத்தை உணர்த்துகிறது. 2001-இல் வெளியான ஆய்வொன்றில், எலிக்கருவின் புறணியில் பின்புறத்திலும் இப்புரதத்தைச் சுரக்கச் செய்தபோது, மீசைமயிர்களின் உணர்பகுதிக்கு இரண்டாம் பிரதி ஒன்று தோன்றியது.

கேள்வி: பார்வைப் பகுதியை உண்டாக்கும் மரபணு எது?

பதில்: அப்படி ஒரு தனி மரபணு இல்லை. மேலே சொன்ன புரதம், மரபணுக்கள் போன்றவற்றின் அளவுகளின் சேர்க்கையே எல்லையை வகுக்கிறது.

கேள்வி: விழித்திரை நரம்புகளைக் கேட்டல் பாதைக்குத் திருப்பிய ஃபெரட் என்னும் கீரிபோன்ற சிறு விலங்குகளில் கேட்டல் புறணி பார்வைப் புறணிபோல் இயங்கியதே. ஆகவே எல்லாவற்றையும் புலன்களிலிருந்து உள்வரும் குறிப்புகளே தீர்மானிக்கின்றன, மரபணுக்களுக்கு வேலையில்லை என்று தோன்றுகிறது.

பதில்: இந்த விவாதம் பழையது. பகுதிகளின் வரைபடம் பிரியும் உயிரணுக்களிலேயே பொதிந்துள்ளது என்று 1988-இல் நரம்பியலாளர் பாஸ்கோ ராகிச் முன்வைத்தார். புறணி பெரும்பாலும் ஒரே தன்மையது, புலன் குறிப்புகளைப் புறணிக்கு அனுப்பும் மூளையின் உட்பகுதியான தலாமஸிலிருந்து வரும் நரம்பிழைகளே அதை வேறுபடுத்துகின்றன என்று மறு ஆண்டே மற்றொரு நரம்பியலாளர் டென்னிஸ் ஓ'லியரி வாதிட்டார். நீங்கள் சொல்லும் ஃபெரட்டின் புறணியில் கோட்டுத்திசை வரைபடம் (காணும் கோடுகளின் சாய்வுக்கேற்ப உயிரணுக்கள் அமையும் ஒழுங்கு) உருவானது உண்மைதான்; ஆனால் அது இயல்பான பார்வைப் புறணியின் ஒழுங்கை எட்டவில்லை, பார்வைக்கூர்மையும் குறைவாகவே இருந்தது. மறுபுறம், ஜிபிஎக்ஸ்2 மரபணு செயலிழந்த எலிகளில் தலாமஸ் இழைகள் புறணியை முறையாக வந்தடையாதபோதும், பிறப்பு வரையிலான மரபணுச் செயல்பாட்டு எல்லைகள் பெரும்பாலும் உரிய இடத்திலேயே அமைந்தன. முதன்மைப் பார்வைப் பகுதியும் அதை அடுத்துள்ள உயர்நிலைப் பார்வைப் பகுதிகளும் தெளிவாகப் பிரிவதற்கோ தலாமஸின் பார்வை இழைகள் தேவை. தோராயமான வரைவைப் புறணியே இட்டுக்கொள்கிறது, அதைத் திருத்திக் கூர்மையாக்குவது உள்வரும் இழைகள் என்பதே என் நிலைப்பாடு.

கேள்வி: அப்படியானால் கணிதத்திறனுக்கான மரபணு எது?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலை மீண்டும் படிக்கவும்.

கேள்வி: கருவில் 17-ஆம் பகுதி, அதாவது முதன்மைப் பார்வைப் பகுதி, எப்போது உருவாகிறது?

பதில்: நரம்பியலாளர் பிராட்மன் 1909-இல் புறணிப் பகுதிகளுக்குத் தந்த எண்கள் முதிர்ந்த மூளையின் உயிரணு அடுக்குகளைப் பார்த்து இட்டவை. வளர்ந்த மூளையின் எல்லைகளைக் கருவின்மேல் அப்படியே பொருத்த வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் இக்கேள்வி திரும்ப வருகிறது. 17-ஆம் பகுதி ஒரு நாளில் உருவாவதில்லை. அதன் பரப்பும் முன்கூட்டியே முடிவானதன்று. பிறக்கும் முன்பே கண்கள் அகற்றப்பட்ட குரங்குகளில் அது வெகுவாகச் சுருங்கியிருந்தது.

கேள்வி: பயிற்சியால் குழந்தையின் புறணிப் பகுதிகளைப் பெருக்க முடியுமா?

பதில்: இது என் துறையன்று, குழந்தை நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: இந்த எல்லைகள் பிறழ்வது மனிதரிடம் நோயாக வெளிப்படுமா?

பதில்: என்ஆர்2எஃப்1 மரபணுவைப் புறணியில் இழந்த எலிகளில் முன்பகுதி விரிந்து, உணர்பகுதிகள் சிறுத்துப் பின்னோக்கி ஒதுங்குகின்றன. மனிதரில் இம்மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் பார்வை நரம்புச் சிதைவும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் ஏற்படலாம். எனினும் மனிதரின் இக்குறைபாடுகளுக்கு எல்லைப் பிறழ்வு மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. இதே மரபணு கண்ணின் வளர்ச்சியிலும் பங்கேற்கிறது.