மென்மையான ஹெட்பான்ட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

முகப் பராமரிப்பு என் தொழில் என்பதால், முகம் கழுவும்போது போடும் மென்மையான ஹெட்பான்ட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, இது உண்மையிலேயே தேவையா? கிளிப் குத்தினால் போதாதா?

போதும், தங்கச்சி. ஆனால் முடி நனைந்துவிடும் என்று பயந்து நெற்றியின் மேல் ஓரத்தையும் காதுப் பக்கத்தையும் பலர் சரியாகக் கழுவுவதில்லை. அங்கே ஃபேஸ்வாஷ் நுரை காய்ந்துபோய்க் கிடக்கும், சன்ஸ்கிரீனும் போய்ச் சேராது. முடியை முழுதாகப் பின்னால் ஒதுக்கினால் அந்த இடம் கைக்கு வரும். நான் இதைச் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எந்தத் துணி நல்லது? புறக்கோட்டையில் பல விதம் கிடக்கிறது.

பருத்தித் துவாய்த்துணி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், காயத்தான் நேரமெடுக்கும். மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும். உள்ளே தடித்த ஸ்பொஞ்ச் வைத்த உப்பலான வகை படத்துக்கு அழகு. ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் அதன் உட்புறம் லேசில் காயாது, வாங்க வேண்டாம். வெல்க்ரோ வைத்தது எந்தத் தலைக்கும் பொருந்தும். முடி சிக்காமல் பார்த்துப் போடுங்கள், ஒட்டி மூடிய பிறகே துவையுங்கள்.

தெஹிவளையிலிருந்து: ஹெட்பான்ட் போடத் தொடங்கிய பிறகு நெற்றியில் சின்னச் சின்னப் பருக்கள். தலைக்கு எண்ணெய் வைப்பேன்.

முதலில் அந்த பான்டை முகர்ந்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தால் காரணம் அதுவாக இருக்கலாம். தலையிலுள்ள எண்ணெய் துணியில் ஊறும், நீங்கள் அதையே தினமும் நெற்றியில் அழுத்தி வைப்பீர்கள். வியர்வை, உராய்வு, எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் துவாரங்கள் அடைபடும். எண்ணெய் வைக்கும் நாளுக்கென்று பழைய பான்ட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி கிரீம் பூசி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், போட்டபடி தூங்கக் கூடாது.

அப்புறம் ஒரு விஷயம். பருக்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்து அரித்தால், அது சாதாரணப் பருவாக இல்லாமலும் இருக்கலாம். தோலில் வழக்கமாக வாழும் ஒருவகைப் பூஞ்சை முடிக்கால்களில் பெருகினாலும் இப்படி வரும். அதற்கு மருந்து வேறு. பருக் கிரீமை மேலும் மேலும் பூசாமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு முன்நெற்றி முடி குறைகிறது. பான்ட்தான் காரணமா?

சில நிமிடம் தளர்வாகப் போடுவதால் முடி உதிராது, அம்மா. இறுக்கம்தான் பிரச்சினை. நாள் முழுக்க இழுத்துக் கட்டிய குதிரைவால், இறுக்கிப் பின்னிய பின்னல், இறுக்கமான பான்ட் எல்லாமே வேரைத் தொடர்ந்து இழுக்கும். இழுப்பை ஆரம்பத்திலேயே நிறுத்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அந்த இடம் நிரந்தரமாகவே வெறுமையாகிவிடலாம். பான்டுக்குள் இரண்டு விரல் சுலபமாகப் போக வேண்டும், கழற்றினால் நெற்றியில் கோடு விழக் கூடாது. மகள் தலையை எப்படிக் கட்டுகிறாள் என்றும் பாருங்கள்.

மருதானையிலிருந்து ஒரு சகோதரி: ஹிஜாப் அணிவதற்கு முன் முகம் கழுவுகிறேன். கவனிக்க ஏதும் உண்டா?

நெற்றி ஓர முடி நன்றாக உலர்ந்த பிறகு அணியுங்கள். உள்ளே போடும் தொப்பியைத் தினமும் மாற்றினால் மிக நல்லது.

மட்டக்குளியிலிருந்து: ஃபிளாட்டில் வெயில் படாது. மழை நாளில் எப்படிக் காய வைப்பது?

இரண்டு மூன்று பான்ட் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். சவர்க்காரத்தில் கசக்கி, துவாய்க்குள் சுருட்டிப் பிழிந்து, ஃபேன் காற்றில் விரித்துப் போடுங்கள். குளியலறைக் கொளுக்கியில் மட்டும் வேண்டாம். துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள், அது இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். இலாஸ்டிக்மேல் சூடான அயன் வைக்காதீர்கள்.

மட்டக்குளியிலிருந்து அதே வாசகி: மூன்று வாங்கக் காசுக்கு எங்கே போவது?

வாங்கவே வேண்டாம். பழைய பருத்தி டீசேர்ட்டின் உடம்புப் பகுதியில் குறுக்காக ஒரு சாண் அகலத்துக்கு வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால்தான் துணி நன்றாக இழுபடும். தலைச் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக அளந்து, இரண்டாக மடித்து, முனைகளைச் சேர்த்துத் தையுங்கள். தையல் பிடரிப் பக்கம் வரட்டும், நெற்றியில் உறுத்தாது.